முப்பத்தாறு சதுர அடி

ஜூன் 10, திங்கள்

இன்று ஒரு சின்ன அயோக்கியத்தனம் செய்தேன். எழுதி வைக்காவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன்.

டீச்சிங் மானுவல் என்று ஒரு நோட்டு உண்டு. வாரா வாரம் என்ன பாடம் நடத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது ஒரே வாக்கியம்: 'மாணவரின் தர்க்க சிந்தனை வளர்தல்.' பின்னம் நடத்தினாலும் அதுதான், வட்டம் நடத்தினாலும் அதுதான். பேனா தானாகவே எழுதும். நான் அந்த நேரத்தில் ராத்திரிக்கு என்ன குழம்பு என்று யோசிக்கலாம்.

இன்று எழுத உட்கார்ந்தபோது வெளியே கொட்டோ கொட்டென்று மழை. ஒன்பது டி வகுப்பில் நாற்பத்து நாலு பேர். என்ன தோன்றியதோ, எழுதினேன்: 'நோக்கம்: மழை விடும்வரை பிள்ளைகளை நனையாமல் உள்ளே வைத்திருத்தல்.'

பக்கத்து மேசையில் ஹரிஷங்கர் சார் எட்டிப் பார்த்தார். வேதியியல். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், பயந்த சுபாவம்.

"டீச்சர், இது வம்பு. அழிச்சுடுங்கோ."

"லதிகா டீச்சர் கையெழுத்துப் போடுவாங்க. பந்தயம்?"

"படிச்சுட்டாள்னா?"

எப்படிப் படிப்பார்? எங்களுடையது மலையாளப் பள்ளி, தமிழ் மீடியம் அதில் ஒரு ஓரம். லதிகா டீச்சர் மலையாள இலக்கியம் படித்துத் தலைமையாசிரியையாக வந்தவர். தமிழ் பேசினால் ஒரு மாதிரி புரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தமிழ் மீடியம் மானுவல்களை ஓரமும் கோடும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறார். பந்தயம் இரண்டு பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி.

ஜூன் 12, புதன்

பச்சை மையில் 'கண்டு', அதாவது பார்த்தாயிற்று என்று மலையாளத்தில் எழுதி, கீழே கையெழுத்து. கூடவே ஒரு பாராட்டு: "சுசீலா டீச்சரே, எத்ர வடிவான எழுத்து! மத்தவங்க இதைக் கண்டு படிக்கணும்."

பழவங்காடி முக்கில் நின்று பழம்பொரி சாப்பிட்டேன். ஹரிஷங்கர் சார் வாங்கித் தந்துவிட்டுத் தான் சாப்பிடாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ நாங்கள் இருவரும் பிக்பாக்கெட் அடித்த மாதிரி.

ஜூன் 14, வெள்ளி

விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை.

இந்த வாரம் எழுதியவை. பெருக்கல் சூத்திரம்: 'நோக்கம்: சென்ற வருஷம் என்ன நோக்கமோ அதே.' விகிதம்: 'நோக்கம்: தலைமையாசிரியை அறை மின்விசிறியின் வேகத்துக்கும் ஒன்பது டி மின்விசிறியின் வேகத்துக்கும் உள்ள விகிதம் கண்டு பெருமூச்சு விடல்.' ஓரத்தில் சிவப்பு மையில் கோடு, தலைப்புக்கு நீல மை. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது.

கண்டு. கண்டு. கண்டு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் ஓவர்சியர் தங்கையன் அவர்கள், என் கணவர், சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கையில கிளவுஸ் போடாம விளையாடுத பிள்ளே நீ."

ஜூன் 19, புதன்

இன்று எனக்கே ஒருத்தி வந்து வாய்த்தாள்.

பாடம் இதுதான். இரண்டு எண்களைக் கூட்டிய தொகையையும் கழித்த மீதியையும் பெருக்கினால், முதல் எண்ணின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதின் வர்க்கத்தைக் கழித்தது வரும். போர்டு நிறைய எழுதி முடித்துக் கையைத் தட்டும்போது இரண்டாம் பெஞ்சிலிருந்து ஜெஸி எழுந்தாள். சாலைத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ரவிக்கை தைக்கிற அம்மாவின் மகள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"டீச்சரே, இது எதுக்காக்கும்?"

"எதுக்குன்னா?"

"படிச்சு என்னத்துக்குன்னு. டீச்சர் எப்பவாவது வீட்டுல இதை உபயோகிச்சிருக்கீங்களா?"

கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தேன். பிறகு வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்: "ராக்கெட் விடுறாங்களே தும்பாவுல, அதுக்கு இது வேணும்."

"எங்க மாமா அங்க கேன்டீன்ல தான் இருக்காரு. கேட்டுச் சொல்லட்டா?"

ஜூன் 20, வியாழன்

கேட்டுவிட்டாள். மாமா யாரோ ஒரு விஞ்ஞானிக்குத் தோசை வைக்கும்போது விசாரித்தாராம். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றாராம் அவர்.

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. மணி அடித்துக் காப்பாற்றியது.

உண்மையிலேயே எதற்கு? இப்போது இதை எழுதும்போதும் தெரியவில்லை. கடைக்குப் போனால் கூட்டத் தெரிய வேண்டும், சரி, அது நாலாம் வகுப்போடு முடிந்தது. பரீட்சைக்கு என்றால், பரீட்சை எதற்கு? மூளை வளர என்றால் எனக்கு ஏன் வளரவில்லை? கிண்டல் பண்ணிக்கொண்டு காலி பண்ணிய அந்தக் கட்டத்தில் போடுவதற்கு என்னிடமே சரக்கு இல்லை போலிருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

ஒரு சர்க்குலர் வந்தது. ஒன்பது டி-யின் அறையில் புரொஜெக்டர் வைத்து ஸ்மார்ட் ரூம் ஆக்கப் போகிறார்களாம். எங்களுக்குக் கிணற்றோரம் உள்ள பழைய ஸ்டோர் அறை. 'இரு அறைகளும் அளந்து பார்க்கப்பட்டன, இரண்டும் எண்பது அடி, ஆகவே சம அளவு' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அட்டெண்டர் நேசமணி டேப் வைத்து அளந்தாராம்.

இடைவேளை. ஒரு கையில் இலையடை, வெல்லம் விரலெல்லாம். மற்றக் கையால் 'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சுசீலாபாய், கணித ஆசிரியை, வகுப்பு ஆசிரியை. நேசமணி பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 26, புதன்

புது அறை. என்ன அறை இது, ரயில் பெட்டி! முன்பு மூன்று வரிசையாகக் கிடந்த பெஞ்சுகள் இங்கே இரண்டு வரிசைதான் போட முடிகிறது. நடுவில் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கலாம். என் உடம்புக்கு அதுவும் கஷ்டம். பதினோரு பெஞ்சில் ஒன்பதுதான் உள்ளே போயிற்று. மிச்சம் இரண்டும் வராந்தாவில். எட்டுப் பேர் அங்கே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கணக்குப் படிக்கிறார்கள். சாரல் அடித்தால் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள்.

"ரெண்டும் எண்பது அடி தான் டீச்சரே, நான் தான் அளந்தேன்," என்கிறார் நேசமணி. இங்கே எங்களுக்குத்தான் பெஞ்சுகளைச் சரியாக அடுக்கத் தெரியவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மானுவலில் எழுதினேன்: 'நோக்கம்: கதவில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வருதல்.' கண்டு.

ஜூன் 28, வெள்ளி

செத்தேன்.

கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிற வியாழக்கிழமை வருகிறார். அறை மாற்றத்துக்கு அவர் ஒப்பம் வேண்டும். அவர் ஒப்பம் போட்டால் இந்த வருஷம் முழுக்க ரயில் பெட்டிதான். அது போகட்டும். வருவதற்கு முன் பார்த்து வைக்க ஒவ்வொரு மீடியத்திலிருந்தும் ஒரு மானுவல் கேட்டிருக்கிறார். லதிகா டீச்சர் என்னுடையதை அனுப்பிவிட்டார்! எழுத்து வடிவாக இருக்கிறதாம்! நேசமணி நேற்றே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

"அதிகாரி மலையாளி தானே?" என்று கேட்டேன். 

"நெல்லையப்பன்னு பேரு. பாலக்காட்டுல இருந்து மாறி வந்திருக்காரு. குடும்பம் திருநெல்வேலியாம், நல்ல தமிழ் தெரியும்," என்றார் நேசமணி, ஏதோ நான் சந்தோஷப்படுவேன் என்று.

ஹரிஷங்கர் சார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலை. பழம்பொரி மட்டும்தான் வாங்கித் தந்தேன். அதை ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

ஜூன் 30, ஞாயிறு

காலையில் சர்ச்சுக்குப் போய் வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு முழு மானுவலைப் புதிதாக எழுதினேன். அதே மாதிரி நோட்டு, அதே மை, அதே சிவப்புக் கோடு. நோக்கம் இருக்கும் இடத்தில் எல்லாம் தர்க்க சிந்தனை வளர்தல், தர்க்க சிந்தனை வளர்தல், பதினாலு தடவை தர்க்க சிந்தனை வளர்தல். பச்சை மையில் 'கண்டு' போட இவர் பழகிப் பார்த்தார். கோழி கிண்டின மாதிரி வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நாளைக்குப் போய், 'பழையதில் எழுத்துப் பிழை இருக்கிறது, மாற்றித் தருகிறேன்' என்று சொல்லி வாங்கி வந்துவிட வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

அலுவலகத்தில் கிளார்க்கிடம் நைசாகப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: "யாரு, மின்விசிறி டீச்சரா?"

நெல்லையப்பன். ஒல்லியாக, காதில் முடி, மூக்கில் நழுவும் கண்ணாடி. கையில் என் மானுவல். என் முகத்தில் அசடு வழிந்தது என்றால் குறைத்துச் சொல்வது.

"எழுத்துப் பிழை சார். புதுசா எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

அவர் புதியதை வாங்கி நின்ற இடத்திலேயே புரட்டினார். பதினாலு பக்கமும் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டையும் வெச்சிட்டுப் போங்க டீச்சர். பழையதுல பாதி பொய். புதுசுல முழுப் பொய். வியாழக்கிழமை உங்க வகுப்புக்கு வாரேன். அன்னைக்கு நோக்கம் கட்டத்துல நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். பாத்துட்டு நான் எழுதுதேன்."

இரண்டு மானுவலும் அவரிடம். போகும்போது ஒன்றுதான் மாட்டியிருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது.

பத்து மணிக்கு வகுப்புக்குள் போனால் ஜெஸி தரையில் குந்திக்கொண்டிருக்கிறாள். கையில் தையல் டேப், அம்மாவுடையது, மஞ்சள் நிறம். மறுமுனையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"டீச்சரே, இந்த அறை இருபத்தாறுக்குப் பதினாலு. பழைய அறை இருபதுக்கு இருபது. நேத்தே போய் அளந்துட்டோம்."

"அதான் ரெண்டும் எண்பது அடியாமே."

"சுத்திச் சுத்தி அளந்தா எண்பது தான். எங்க அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சாங்க. 'இடுப்பு அளவு ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே துணி போதுமாடி'ன்னு கேட்டாங்க."

அப்புறம் போர்டுக்குப் போனாள். இருபத்தாறு என்பது இருபதும் ஆறும். பதினாலு என்பது இருபதில் ஆறு குறைவு. கூட்டியதும் கழித்ததும். அப்படியானால் இருபதின் வர்க்கத்திலிருந்து ஆறின் வர்க்கம் போக. நானூறு, கழித்தல் முப்பத்தாறு. முந்நூற்று அறுபத்து நாலு. பெருக்கிப் பார்க்கவே இல்லை, அந்தச் சூத்திரத்தை வைத்தே போட்டாள். நான் ராக்கெட்டுக்கு என்று சொல்லி அனுப்பிய அதே சூத்திரம்!

"முப்பத்தாறு சதுர அடியைக் காணல்ல டீச்சரே. அதான் ரெண்டு பெஞ்சு வெளிய கிடக்கு."

கைதட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: கையெழுத்து. கணித ஆசிரியை என்று கொட்டை எழுத்தில். இலையடை தின்றுகொண்டு. இத்தனை நாளாக ஒருத்தர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று சிரித்துச் சிரித்துப் பழம்பொரி தின்றவள் நான்.

ஜூலை 3, புதன்

லதிகா டீச்சரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு, அறை சின்னது என்று. அவர் கோபப்படவில்லை. ஃபைலைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார்.

"எனக்குக் கணக்கு அறியாது, டீச்சரே. அதினாலதானே கணக்கு டீச்சர்கிட்ட ஒப்பு வாங்கினேன். டீச்சர் சரின்னு ஒப்புப் போட்டாச்சு. பின்னே நான் ஆரைக் கேக்கணும்?"

 புரொஜெக்டர் திங்கட்கிழமை வருகிறதாம். பணம் கொடுத்த பழைய மாணவர்களும் வருகிறார்களாம். இப்போது மாற்றினால் நாணக்கேடு என்றார். அவருக்கும் சங்கடம்தான், தெரிந்தது.

வெளியே ஜெஸி நின்றாள், கையில் பழைய அறையே வேண்டுமென்று எழுதிய ஒரு தாள். நாற்பத்து நாலு கையெழுத்து. நாளை அதிகாரி வரும்போது கொடுக்கப் போகிறாளாம்.

இப்போது எழுதப் போவது எனக்குப் பிடிக்காதது. "மோளே, நாளைக்கு வேண்டாம். டீச்சர் மெதுவா பேசி வாங்கித் தாரேன்" என்றேன். அடுத்த வருஷம், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நெல்லையப்பன் முன்னால் இன்னொரு அவமானம் வேண்டாம், அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமே இல்லை.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரி டீச்சர்" என்றாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எத்தனை கேள்வி கேட்கிற பெண்! ஒரு 'சரி டீச்சர்' சொல்ல வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்பவும் வெட்கமா இருக்கு.

இவரிடம் சொன்னதற்கு, "லைன் ஆஃப் பண்ணாம கம்பத்துல ஏறிட்டா, ஏறிட்டமேன்னு அங்கனயே இருப்பியா? இறங்கு பிள்ளே" என்றார். சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 4, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல்.

நெல்லையப்பன் சார் வந்ததும் முதலில் கதவு அவர் முழங்காலில் இடித்தது. நாற்காலி போட இடமில்லை. முதல் பெஞ்சில் பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். லதிகா டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றார். மழை. வராந்தாவில் இருந்த எட்டுப் பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போர்டில் எழுதினேன்: 'இரண்டு அறைகளும் சுற்றிலும் எண்பது அடி. ஆகவே சம அளவு. ஒப்பம்: சுசீலாபாய், கணித ஆசிரியை.'

"இன்னைக்குப் புதுப் பாடம் இல்ல. நான் போட்ட கையெழுத்து சரியா தப்பான்னு பாக்கப் போறோம்."

 ஜெஸி குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள்! 

"நேத்து நான் சொன்னதை விடு மோளே. அது என் பயம். எழுந்து வா."

வந்தாள். கட்டம் போட்டாள். நானூறு, முப்பத்தாறு, முந்நூற்று அறுபத்து நாலு. லதிகா டீச்சர் பொறுக்காமல் கேட்டார்: "பக்ஷே மோளே, சுவரு ரெண்டுக்கும் எண்பதல்லே?"

"சுவரு எண்பது தான் டீச்சரே. ஆனா நாங்க சுவர்ல இருக்கல்லியே, தரையில தானே இருக்கோம்."

 லதிகா டீச்சர் போர்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே கேட்கிற மாதிரி: "அப்போ முப்பதும் பத்தும் ஆனா?"

"முந்நூறு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"முப்பத்தொம்பதும் ஒண்ணும்?"

"முப்பத்தொம்பது!" இப்போது பாதி வகுப்பு.

"எண்பது அடி சுவருக்குள்ளே வெறும் முப்பத்தொம்பதோ?"

"நாப்பதும் பூஜ்யமும் ஆனா சுவரு மட்டும் தான் டீச்சரே இருக்கும், நம்ம இருக்க மாட்டோம்," என்றது வராந்தா. மொத்த வகுப்பும் சிரித்தது. லதிகா டீச்சரும் சிரித்துவிட்டார். "இத்ர வயசாச்சு, எனக்கு ஆரும் இது சொல்லித் தரல்ல" என்றார். அவர் கண்ணில் அப்போது தெரிந்ததை நான் பிள்ளைகளிடம்தான் எப்போதாவது பார்த்திருக்கிறேன்.

பிறகு தலைமையாசிரியை அறை. என் தண்டனை. நெல்லையப்பன் சார் பழைய மானுவலை என்னிடம் நீட்டினார்: "ஒவ்வொரு நோக்கத்தையும் வாசிச்சு, உங்க தலைமையாசிரியைக்கு மலையாளத்துல சொல்லுங்க டீச்சர்." மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அவருக்கு இரண்டு மொழியும் தெரியுமே. மழை, சென்ற வருஷம், கதவு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் மின்விசிறியையும் சொன்னேன்.

லதிகா டீச்சர் மேலே கையைக் காட்டினார். மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. இறக்கையில் ஒட்டடை.

"ரெண்டு மாசமாச்சு இது ஓடி. எழுதுறதுக்கு முன்னே டீச்சர் ஒரு தடவை உள்ளே வந்து நோக்கியிருக்கலாம்."

அதையும் நான் பார்க்காமல்தான் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

அறை மாற்ற ஃபைலில் நெல்லையப்பன் சார் 'நானூறு சதுர அடி இல்லை, அனுமதி இல்லை' என்று எழுதிவிட்டு, என் மானுவலில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து இன்றைய தேதியைப் போட்டார். காலியாக இருந்த கட்டத்தில் பொடிப்பொடியாக எழுதினார்: 'நோக்கம்: பெரியவர் சொன்னாலும், கையெழுத்தே போட்டிருந்தாலும், அளந்து பார்த்துவிட்டு நம்புதல். ஆசிரியைக்கும் பொருந்தும்.'

இருபது தடவை படித்துவிட்டேன். வேறு எந்தப் பாடத்தில் பதினாலு வயசுப் பிள்ளை ஒரு தலைமையாசிரியையிடம் 'தப்பு' என்று சொல்லி, அடியும் வாங்காமல், அவரைச் சிரிக்கவும் வைக்க முடியும்? வரலாற்றில் புத்தகம் சொல்வதை அவள் நம்பத்தான் வேண்டும். கணக்கில் என்னை நம்ப வேண்டியதே இல்லை. இதைச் சொல்லித்தரத்தான் சம்பளம் வாங்குகிறேனா நான்!

ஜூலை 5, வெள்ளி

லதிகா டீச்சரின் உத்தரவு: இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் மானுவலை அவர் முன் நின்று மலையாளத்தில் வாசிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் 'கண்டு'. ஸ்மார்ட் ரூம் நூலகத்தின் பாதிக்குப் போகிறது. நேசமணி அதைத் தரையில் கட்டம் போட்டு அளந்தார், முறைத்துக்கொண்டே.

இவர் இன்று ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து அந்த மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தார். கண்டென்சராம்.

ஜூலை 9, செவ்வாய்

ஹரிஷங்கர் சார் புகார்: "உங்க ஒன்பது டி-யில எதைச் சொன்னாலும் 'எப்படித் தெரியும் சார்?'னு கேக்கறதுகள். ஆக்ஸிஜன் இருக்குன்னுகூட நிம்மதியா சொல்ல முடியலை டீச்சர்."

இரண்டு பழம்பொரி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

ஜூலை 12, வெள்ளி

பழைய அறைக்கு வந்து ஐந்து நாள். பதினோரு பெஞ்சும் உள்ளே. இன்று வெயில்கூட அடித்தது.

மூன்றாவது கணக்கை நான் போட்ட வழியைவிடச் சுருக்கமாக ஒரு வழி இருக்கிறது என்றாள் ஜெஸி. சரி, நீயே போடு என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, கால் வலிக்கிறதே என்று போய்க் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். இந்த அறையில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஜெஸி என்னைப் போலவே இடது மூலையில் ஆரம்பித்தாள். கை அசைகிறது, சாக்பீஸ் சத்தம் கேட்கிறது, ஆனால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் அந்த மூலையில் விழுந்து போர்டு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன், எழுந்து பார்த்தேன். ஊஹூம்.

பக்கத்தில் ஜிஜி. அதிகம் பேசாத பெண். நாற்பதுக்கு மேல் மார்க்கு எடுத்ததில்லை.

"அங்க எழுதுறது இங்க தெரியாது டீச்சரே," என்றாள் சாதாரணமாக. "வெயில் அடிச்சா அப்படித்தான். முன்னால யாராவது சொல்லித் தருவாங்க. இல்லேன்னா நாங்க ஊகிச்சு எழுதிக்குவோம்."

"சொல்லியிருக்கலாமேடி?"

"டீச்சர் கேக்கல்லியே."

கணக்கின் தொடக்கத்தை நான் எப்போதும் அந்த மூலையில்தான் எழுதுவேன். இந்த அறைக்கு வந்து பதினேழு வருஷம். அந்த பெஞ்சில் வருஷத்துக்கு நாலு பிள்ளைகள். அங்கேயே உட்கார்ந்து பெருக்கினேன். வீட்டுக்கு வந்து தாளில் போட்டும் பார்த்துவிட்டேன். அறுபத்தெட்டுதான் வருகிறது.